பானை வனைவேன்னு சொன்னா "நாம என்ன அந்த ஆளுங்களா"ன்னு கேக்கறாங்க

மண்விரல் (முத்தியால்பேட்டை), சனி இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி கோடை லீவுல பொண்ணை ஒரு மட்பாண்டப் பட்டறையில சேத்து விட்டேன். மூணாம் நாளே "நகமெல்லாம் மண்ணு, நான் போகல"ன்னுட்டா. கட்டின பணம் திரும்பக் கிடைக்காதுன்னாங்க. மிச்ச நாளுக்கு நான் போய் உக்காந்தேன். அவ்வளவுதான் ஆரம்பம். பெரிய தேடல் எதுவும் இல்ல, ஆறாயிரம் ரூபா வீணாகக் கூடாதுங்கற கணக்குப்பிள்ளை புத்தி.

முதல் ஆறு வாரம் மண்ணை நடுவுல நிறுத்தவே வரல. சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் உருண்டை ஒரு பக்கமா ஆடும், அமுக்கினா என் கையும் சேந்து ஆடும். முழங்கையைத் தொடையில ஊனி மூச்சை அடக்கினா ஒரு நொடி நிக்கும், அப்புறம் பிச்சுக்கிட்டுப் பறக்கும். ஏழாவது வாரம் ஒரு நாள் நின்னுடுச்சு. அப்படி நிக்கறப்ப சக்கரம் சுத்தற மாதிரியே தெரியாது, தொட்டாத்தான் தெரியும். அன்னைக்கு வீடு திரும்பும்போது அஜந்தா சிக்னல்ல பச்சை விழுந்தது தெரியாம நின்னு, பின்னாடி ஷேர் ஆட்டோக்காரர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இப்ப நகம் வளக்கறதில்ல. மோதிரம் பீரோவுல கிடக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் காபி குடிச்சதும் கப்பைக் கவுத்து அடியைப் பாக்கறேன், அடி வளையம் கையால செதுக்கினதா, அச்சுல ஊத்தினதான்னு. வீட்டுக்காரர் "மானம் போவுது"ங்கறார். ஆபீஸ்ல பதினெட்டு வருஷமா அக்கவுன்ட்ஸ். அது நான் பாக்கற வேலை. இதை என்னன்னு சொல்றதுன்னு தெரியல, அதுக்குத்தான் இந்த இழையே.

போன வாரம் சொந்தத்துல ஒரு வளைகாப்பு. நாத்தனார் என்னை யார்கிட்டயோ "கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பாக்கறா"ன்னு அறிமுகப்படுத்தினாங்க. நான் சும்மா இருக்காம "பானையும் வனைவேன்"னேன். பெரியம்மா ஒருத்தங்க வளையல் அடுக்கிக்கிட்டே, தலையைக் கூடத் திருப்பாம, "நாம என்ன அந்த ஆளுங்களா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சதுதான் ஒரு வாரமா உறுத்துது.

பட்டறையில கூட இருக்கறவங்க சட்டுன்னு "பாட்டர்"னு சொல்லிக்கறாங்க. அதையே தமிழ்ல சொல்லிப் பாருங்க, "நான் குயவர்". கேக்கறவங்க மனசுல தொழில் வரல, சாதி வருது. ரெண்டு வருஷமா ஒரு வேலை என்னை மாத்தி வச்சிருக்கு, அதுக்கு என் மொழியில எனக்குன்னு ஒரு பேர் இல்ல. கைவேலை பழகற வேற யாருக்காவது இப்படித் தோணியிருக்கா?

---

பலாக்கொட்டை (பண்ருட்டி), சனி இரவு 10.31

அக்கா, அதெல்லாம் இருக்கட்டும். நீங்க செஞ்ச சட்டியில மீன்கொழம்பு வச்சா ஒடையாம நிக்குமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

---

மண்விரல், சனி இரவு 10.40

நிக்காது தம்பி. நான் செய்யறது ஸ்டோன்வேர், கிட்டத்தட்ட 1300 டிகிரியில சுடறது. தண்ணி கசியாது, தட்டினா மணி மாதிரி சத்தம் வரும், ஆனா நேரா அடுப்புல வச்சா விரிசல் விட்டுடும். சாம்பார் ஊத்தி மேசையில வைக்கலாம்.

---

பலாக்கொட்டை, சனி இரவு 10.42

அப்ப அது சட்டி இல்ல, ஷோகேஸ்.

---

ரைட்_போலாம் (மஞ்சக்குப்பம்), சனி இரவு 11.05

மண்விரலம்மா, நான் ரிட்டயர்டு கண்டக்டர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல பாதி கடலூர்-பாண்டி ரூட். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு தூக்கத்துலயும் கத்துவேன்னு வீட்டுல சொல்லுவாங்க. பாண்டி எல்லையில சாராயக்கடைங்க இருக்கற கன்னியக்கோயில்ல யார் எதுக்கு எறங்கறாங்கன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன்.

ரிட்டயர் ஆன ஆறு மாசம் நான் ஆளாவே இல்ல. விரலிடுக்குல நோட்டை நீளவாக்குல மடிச்சு வச்சுப் பழகின கை, சும்மா இருக்கறப்ப டிவி ரிமோட்டை அப்படிப் பிடிக்கும். வீட்டம்மா ஒயர் கூடை போடுவாங்க. ஒரு நாள் அவங்களுக்குக் காய்ச்சல், பாதியில கிடந்த கூடையை எடுத்தேன். தப்பு தப்பாப் போட்டு வச்சேன். மறுநாள் அவங்க எல்லாத்தையும் பிரிச்சுட்டு, திட்டாம, பக்கத்துல உக்கார வச்சு சாதா முடிச்சு சொல்லிக்குடுத்தாங்க. கல்யாணம் ஆன நாளா அவங்க எனக்குச் சொல்லிக்குடுத்த முதல் விஷயம் அதுதான். அதுவரைக்கும் நான்தான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இப்ப சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு ரெண்டும் வரும். கூடைக்கு அடி போடறதுதான் கஷ்டம், அங்க ஒரு ஒயர் மாறினா மேல வரைக்கும் கோணும். தெருவுல பசங்க "கூடை தாத்தா"ங்கறாங்க. முன்னாடி "கண்டக்டரே"ம்பாங்க. ரெண்டு பேருமே நானா வச்சுக்கிட்டதில்ல. என்ன பேர் வச்சுக்கறதுன்னு நீங்க ரொம்ப யோசிக்காதீங்க, ஊரே ஒண்ணு வச்சிடும்.

---

கோடைமழை (லாஸ்பேட்டை), ஞாயிறு காலை 7.20

நல்ல இழை. ராபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற சமூகவியலாளர் 1982-இல் பொழுதுபோக்கை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சும்மா களைப்பாறுவது. மற்றது, விடாமல் பல ஆண்டுகள் உழைத்துத் தேறுவது. இதை அவர் 'சீரியஸ் லெஷர்' என்றார். அதற்கு அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று, செய்கிறவர் அந்த வேலையோடு தன்னைச் சேர்த்தே அடையாளம் காண்பது. இன்னொன்று, கஷ்டமான கட்டத்தையும் விடாமல் தாண்டுவது. உங்கள் ஆறு வாரம் அதுதான்.

டேரில் பெம் என்ற உளவியலாளர் அதற்கு முன்பே இன்னும் ஒரு படி போயிருந்தார். நம் மனதில் என்ன இருக்கிறது என்பது பல நேரம் நமக்கே நேராகத் தெரிவதில்லை, அடுத்தவரைப் பார்த்து ஊகிப்பது போல, நாம் செய்வதைப் பார்த்துத்தான் நாம் யார் என்று ஊகிக்கிறோம் என்றார். கப்பைக் கவிழ்த்த பிறகுதான் 'நான் மண் வேலைக்காரி' என்று உங்களுக்கே தெரிகிறது.

ஆனால் இந்தக் கோட்பாடுகள் பிறந்த இடத்தில் 'பாட்டர்' என்று சொன்னால் பிறப்பைக் கேட்க மாட்டார்கள். உங்கள் பெரியம்மா அதைத்தான் கேட்டார். அந்த இடத்தில் ஸ்டெபின்ஸ் நமக்கு உதவ மாட்டார்.

---

கடல்காத்து (தேவனாம்பட்டினம்), ஞாயிறு காலை 9.02

நான் வெறும் அஞ்சு மாசமா மர வேலை பழகறேன். ஸ்பூன், சீப்பு, சின்ன ஸ்டூல். இன்ஸ்டா பயோவுல "வுட்வொர்க்கர்"னு போட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தன் "அஞ்சு ஸ்பூனுக்கு ஒரு பயோவா"ன்னான். எத்தனை செஞ்சா போட்டுக்கலாம்? சீரியஸாக் கேக்கறேன்.

---

ரைட்_போலாம், ஞாயிறு காலை 9.15

எத்தனை ஸ்பூன் ஒடச்சன்னு சொல்லு, அதை வச்சு முடிவு பண்ணலாம்.

---

கடல்காத்து, ஞாயிறு காலை 9.16

பதினொண்ணு.

---

ரைட்_போலாம், ஞாயிறு காலை 9.17

போட்டுக்கோ.

---

சூளைப்புகை (வில்லியனூர் பக்கம்), ஞாயிறு காலை 11.48

இதுவரைக்கும் படிச்சுட்டு சும்மா போயிடலாம்னு பாத்தேன். முடியல.

மேடம் சொல்ற "அந்த ஆளுங்க" நாங்கதான். தாத்தா சூளை வச்சிருந்தார். அப்பா முப்பது வயசு வரைக்கும் சக்கரத்துல இருந்தார். நான் பேங்க்ல இருக்கேன். எனக்குச் சக்கரம் சுத்தத் தெரியாது. கத்துக்க விடல. "இந்த மண்ணு என்னோட போகட்டும்"னு அப்பா சொன்னது என் காதுல இன்னும் இருக்கு. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேர் 'சட்டி'. அட்டெண்டன்ஸ்ல இருந்த பேர் வாத்தியாருக்கு மட்டும்தான்.

பொங்கலுக்கு ரெண்டு மாசம், கார்த்திகைக்கு ஒரு மாசம், அதோட வருமானம் முடிஞ்சது. எவர்சில்வர் வந்துச்சு, பிளாஸ்டிக் குடம் வந்துச்சு. ஏரியில மண்ணு எடுக்க ஆபீஸ் ஆபீஸா நடக்கணும். நடுவுல ஒரு மழை வந்தா காய வச்சதெல்லாம் திரும்ப மண்ணு. நீங்க ஒரு கோடைப் பயிற்சிக்குக் கட்டின ஆறாயிரத்துக்குத் தாத்தா எத்தனை அகல் வனையணும்னு கணக்குப் போடுங்க, நீங்கதான் அக்கவுன்ட்ஸ் ஆச்சே.

உங்களுக்கு அது அடையாளம் குடுக்குது. நாங்க அந்த அடையாளத்துலேர்ந்து தப்பிச்சு வந்தவங்க. மண்ணு உங்க கையில பட்டா கலை, எங்க கையில பட்டா சாதி. கோவமா எழுதல. இல்ல, கோவமாத்தான் எழுதறேன்.

---

பலாக்கொட்டை, ஞாயிறு பகல் 12.10

அண்ணே, 2020ல வில்லியனூர் முனுசாமி ஐயாவுக்கு டெரகோட்டாவுக்காகப் பத்மஸ்ரீயே குடுத்தாங்களே. வில்லியனூர் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. மதிப்பு வரத்தானே செய்யுது?

---

சூளைப்புகை, ஞாயிறு பகல் 12.31

வந்தது சந்தோஷம் தம்பி. அன்னைக்கு எங்க வீட்டுல அப்பா டிவி முன்னாடி எழுந்து நின்னார். ஆனா அது பொம்மைக்கும் சிலைக்கும் வந்த மதிப்பு. சோறாக்கற சட்டிக்கும் குடிக்கற பானைக்கும் யார் பத்மஸ்ரீ குடுப்பா?

---

மட்டுறுத்துநர், ஞாயிறு பகல் 12.40

பேசலாம், ஆனா யார் சாதியையும் யாரும் கேக்க வேண்டாம். அப்படிக் கேட்ட ஒரு பதிவை நீக்கியாச்சு.

---

மண்விரல், ஞாயிறு மாலை 4.55

சூளைப்புகை சாருக்கு,

காலையில படிச்சதும் பதில் எழுதி அழிச்சேன். அதுல நிறைய "ஆனா" இருந்துச்சு.

பெரியம்மா கேட்டப்ப எனக்கு வலிச்சது என் பொழுதுபோக்கைக் கேவலமாப் பேசிட்டாங்களேன்னு. உங்களைப் பத்தி எனக்கு அப்ப நெனப்பே வரல. இதை ஒத்துக்க வெக்கமா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். பாண்டியில இந்த ஸ்டோன்வேர் வழியை ஆரம்பிச்சது 1971ல டெபோரா ஸ்மித், ரே மீக்கர்னு ரெண்டு அமெரிக்கர்கள், கோல்டன் பிரிட்ஜ் பாட்டரின்னு. அவங்ககிட்ட படிச்சவங்க தனித்தனியாப் பட்டறை போட்டாங்க. நான் கத்துக்கற முறையும் அந்த வழியில வந்ததுதான். எங்க பட்டறைக்காரங்க மேல எனக்குக் குறை எதுவும் இல்ல, நல்லாத்தான் சொல்லித் தராங்க. ஆனா எங்க பட்டறையிலேர்ந்து வில்லியனூர் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்குமா? ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட நான் அங்க ஒரு சூளையைப் போய்ப் பாத்ததில்ல. உங்க பதிவைப் படிக்கற வரைக்கும் அது எனக்கு விசித்திரமாவே படல.

---

ஊசிநூல் (நெல்லித்தோப்பு), ஞாயிறு மாலை 6.30

நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு 58 வயது. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் எம்பிராய்டரி படித்தேன். பாண்டியில் குளூனி சகோதரிகளின் எம்பிராய்டரிக் கூடம் எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கு அந்த மேசைவிரிப்புகள்தான் அளவுகோல். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். முடிச்சுத் தெரிந்தால் பிரிக்க வேண்டும். (மண்விரல் கப்பைக் கவிழ்க்கிறார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன்.)

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என் தலையணை உறைகளை எடுத்துக் காட்டினார். 'கைவேலை தெரிஞ்ச பொண்ணு.' மாமியார் வீட்டில் முப்பது ஆண்டுகள் அதுதான் என் பெயர். நாத்தனார்கள் குழந்தைகளுக்கு ஃபிராக், கோயிலுக்குத் திரை, யார் கல்யாணத்துக்கும் ஜாக்கெட். ஒரு தையல்கூட நானாக விரும்பிப் போட்டதில்லை. கணவர் போனபின் ஊசியைத் தொடவே இல்லை. நான்கு வருடம்.

போன வருடம் பேத்தியின் கிழிந்த ஜீன்ஸை அடைக்க உட்கார்ந்தேன். நீலத்தில் மஞ்சள் நூல். வேண்டுமென்றே. பின்பக்கம் முழுக்க முடிச்சு. பிரிக்கவில்லை. இப்போது தினம் மாலை ஒரு மணி நேரம், யாருக்கும் இல்லாமல், தப்பான நிறங்களில் தைக்கிறேன். அதே கை, அதே தையல்தான். தைக்கிறவள் மட்டும் வேறு ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கைவேலை தெரிஞ்ச பொண்ணு' செத்துப்போய் ஐந்து வருடமாகிறது.

சூளைப்புகை தம்பிக்கு: ஒரு வேலை தலையில் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். உங்கள் அளவுக்கு அல்ல.

---

கோடைமழை, ஞாயிறு இரவு 8.44

கப்பைக் கவிழ்ப்பது பற்றி இரண்டு பேர் சொன்னதும், பாண்டி பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேடு நினைவுக்கு வந்தது. காக்காயன்தோப்பு போய் ஆற்றோரம் பார்த்தவர்களுக்குத் தெரியும், இப்போது அங்கே பெரிதாக எதுவும் நிற்கவில்லை. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் இத்தாலிய நாட்டுச் சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகள் உண்டு, அரெட்டைன் என்பார்கள். அவற்றில் சிலவற்றில் உட்புற அடியில் செய்தவரின் முத்திரை இருக்கிறது. கடல் தாண்டி வந்த கிண்ணத்தைச் செய்தவர் யார் என்று ஈராயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது.

அதே குழியில் உள்ளூர்ப் பானை ஓடுகளும் குவியலாகக் கிடைத்தன. சிலவற்றில் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அவை பெரும்பாலும் பானையின் சொந்தக்காரர் பெயர்கள் என்பதே பொதுவான கருத்து. வாங்கியவர் பெயர் இருக்கிறது, வனைந்தவர் பெயர் இல்லை. இத்தனைக்கும் பழந்தமிழ் குயவரை 'வேட்கோ' என்று, 'கோ' சேர்த்துத்தான் சொன்னது.

---

சூளைப்புகை, ஞாயிறு இரவு 10.20

கோடைமழை சார், இதைப் படிச்சுட்டு சாமி அலமாரியில தேடினேன். தாத்தா வனைஞ்ச அகல் ஒண்ணு இருக்கு, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய். திரி வைக்க மூக்குக் கிள்ளுவாங்க பாருங்க, அந்த இடத்துல கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கு. சுட்ட மண்ணுல பதிஞ்ச ரேகை அழியாது. என் கட்டைவிரலை வச்சுப் பாத்தேன். என்னுது சின்னது.

மேடம், உங்க பதில் படிச்சேன். குயவர்னு சொல்லிக்காதீங்க. திமிர்ல சொல்லல. அந்தப் பேரை நீங்க சொன்னா ஸ்டைலாகும், எங்க சின்னம்மா பையன் சொன்னா பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. ரெண்டும் ஒரே பேரா இருக்க முடியாது. "வனைவேன்"னு சொன்னீங்களே, அதுவே நல்லா இருக்கு. அது யாருக்கும் சொந்தமில்ல.

அப்புறம் ஒண்ணு. 1300 டிகிரி, மணி சத்தம் எல்லாம் சரி. எங்க தாத்தா சட்டி அடுப்புல நிக்கும்.

---

மண்விரல், ஞாயிறு இரவு 10.41

நிக்கும் சார், அதுல வாதமே இல்ல. கம்மி சூட்டுல சுடறதால மண்ணுல நுண்ணுன்னு ஓட்டை இருக்கும், மணலும் கலந்திருக்கும், நெருப்பு பட்டா விரியறதுக்கு இடம் இருக்கும். நாங்க சுடற சூட்டுல அது பாதி கண்ணாடியாயிடும், இடமே கிடையாது.

பெரியம்மாகிட்ட இன்னைக்கு போன்ல பேசினேன். "அந்த ஆளுங்க"ன்னு சொன்னது தப்புன்னேன். "நான் என்னடி தப்பா சொல்லிட்டேன்"னாங்க. அரை மணி நேரம் பேசி ஒண்ணும் நடக்கல. கடைசியில "சரி, எனக்கு ஒரு ஊறுகாய் ஜாடி செஞ்சு குடு"ன்னாங்க. இதை எந்தக் கணக்குல வைக்கறதுன்னு தெரியல.

தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு கேக்கறேன். அடுப்புல நிக்கற சட்டிக்கு மணல் எவ்வளவு கலக்கணும்? புத்தகத்துல ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க.

---

கடல்காத்து, ஞாயிறு இரவு 10.50

ஆன்ட்டி, ஜாடிக்குக் காசு வாங்குங்க. அங்கதான் எல்லாரும் கோட்டை விடறோம்.

---

சூளைப்புகை, திங்கள் இரவு 9.35

அப்பாகிட்ட கேட்டேன். மொதல்ல "அவங்களுக்கு எதுக்கு"ன்னார். நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிக்கிட்டே அவரா ஆரம்பிச்சார். நாலு கூடை ஏரி மண்ணுக்கு ஒரு கூடை மணல். மண்ணை வெயில்ல காய வச்சு, தட்டி, தண்ணியில ஊறப் போட்டு, அப்புறம் மிதிக்கணும். மிதிக்கறப்ப குதிகால்ல ஒரு கல்லு கூடத் தட்டுப்படக் கூடாது. "சட்டின்னா மிஷின்ல கலக்காம கால்ல மிதிக்கச் சொல்லு, கை பாக்காததைக் காலு பாக்கும்"னார். இருபது வருஷத்துல அவர் வாயால மண்ணைப் பத்தி நான் இவ்வளவு கேட்டதில்ல. பையன் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தான், நான் அவனை உள்ள போன்னு சொல்லல.

---

மண்விரல், திங்கள் இரவு 9.52

ரொம்ப நன்றி சார், அப்பாகிட்டயும் சொல்லுங்க. ஒரே ஒரு சந்தேகம்: அந்த மணல் ஆத்து மணலா, சலிச்சதா சலிக்காததா?

---

சூளைப்புகை, திங்கள் இரவு 10.03

தூங்கிட்டார். காலையில கேக்கறேன்.